ஐந்து பந்து ஓவரும் 28 அவுட்டும்

போன மாதம் அக்கா மகன் அமெரிக்காவில் டெட்ராய்ட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே கார் சீட் டிசைன் செய்யும் வேலை. வீட்டில் எல்லோருக்கும் சாக்லேட், சென்ட், தைலம் என்று பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவன், எனக்கு மட்டும் இரண்டாக மடித்த ஒரு அட்டையையும் ஒரு குட்டிப் பென்சிலையும் நீட்டினான். "மாமா, பேஸ்பால் பார்க்கப் போயிருந்தேன். வாசல்ல இத வித்தாங்க. கட்டம் கட்டமா இருந்துச்சா, ஒடனே ஒங்க ஞாபகம் வந்துருச்சு" என்றான்.

எனக்கு அன்று முழுக்க வேறு எதிலும் மனசு போகவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் மதுரையில் கிரிக்கெட் ஸ்கோரராக உட்கார்ந்தவன் நான். ரேஸ் கோர்ஸ் மைதானம், கல்லூரி மைதானங்கள், சுற்று வட்டாரத்தில் மேட் விரித்து ஆடும் பொட்டல்கள் என்று எத்தனையோ இடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேலே ஒரு துணிப்பந்தல், அது இல்லாவிட்டால் வேப்பமர நிழல். ஒவ்வொரு பந்து வீச்சாளருக்கும் ஒவ்வொரு கலர் பேனா வைத்து எழுதுவேன், அப்போதுதான் யார் பந்தில் யார் எத்தனை அடித்தார் என்று பின்னால் பார்த்தாலும் தெரியும். கட்டம் போட்ட தாளைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்தது என்று ஒரு பையன் கடல் தாண்டி நினைத்தானே, அது எனக்குப் பெரிய விஷயம்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சாய்சதுரம், அதுதான் நான்கு பேஸ். ஆள் எந்த பேஸ் வரை போனாரோ அதுவரை கோடு இழுக்க வேண்டும், சுற்றி முடித்து வந்துவிட்டால் உள்ளே நிரப்பிவிடலாம், அது ஒரு ரன். ஃபீல்டில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்: பந்து வீசும் பிட்சர் 1, பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் எல்லைப் பக்கம் இடமிருந்து வலமாக 7, 8, 9. கட்டத்தில் 6-4-3 என்று இருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து செகண்ட் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போய், ஒரே பந்தில் இரண்டு பேர் காலி என்று அர்த்தம். மூன்றே எண்ணில் பந்து போன பாதை முழுக்க வந்துவிடுகிறது. நாம் ரன் அவுட் என்று எழுதினால் எடுத்தவன் யார், எறிந்தவன் யார், ஸ்டம்பைத் தட்டியவன் யார் என்று எங்கள் லீக் புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது.

இந்தக் கணக்கு முறைக்கு அடித்தளம் போட்டவர் ஒரு கிரிக்கெட் நிருபர் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் எக்ஸிடரில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு புரூக்ளினுக்குப் போனவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தவர், பேஸ்பாலைப் பார்த்து அதில் விழுந்து, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை மாதிரியாக வைத்து பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோர் என்ற ஆட்டச் சுருக்க அட்டவணையை உண்டாக்கினார். அடிக்க வேண்டிய பந்தை மூன்று தடவை தவறவிட்டு, அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் ‘கே’ என்று போடுகிறார்களே, அது ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து, அதுவும் அவர் வைத்ததுதான். அந்த மொட்டை மாடியில் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது ஒரு எழுத்து. பேஸ்பால் ஸ்கோர் போர்டில் ஒவ்வொரு அணிக்கும் கடைசியில் மூன்று எண் இருக்கும்: ஆர், ஹெச், ஈ. ரன், ஹிட், எர்ரர். தன் அடியாலேயே ஒருவர் பேஸ் போய்ச் சேர்ந்தால் அது ஹிட். ஒரு சாதாரண ஃபீல்டர் சாதாரணமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டாலோ, எறியும்போது கோட்டை விட்டாலோ அது அவர் பெயரில் எர்ரர், அதுவும் ரன்னுக்குப் பக்கத்திலேயே, மைதானம் முழுக்கத் தெரிகிற மாதிரி. அது ஹிட்டா எர்ரரா என்று முடிவு செய்கிறவர் அம்பயர் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர்! கிரிக்கெட்டில் ஸ்கோரருக்கு அப்படி ஒரு அதிகாரம் கிடையாது. அம்பயர் கையைக் காட்டுவார், நாம் எழுதுவோம், எழுதிவிட்டோம் என்று பதிலுக்குக் கையைத் தூக்குவோம், அவ்வளவுதான். மிட் ஆனில் லட்டு மாதிரி வந்த கேட்ச்சை விட்டவன் பெயரை அன்று சாயங்காலம் டீக்கடை வரை திட்டுவார்கள், ஆனால் புத்தகத்தில் அவன் பெயர் இருக்காது. பூஜ்யத்தில் தப்பித்தவன் பெயரில் 87 என்று மட்டும் இருக்கும். டெல்லியில் 1999-இல் கும்ப்ளே பாகிஸ்தானுக்கு எதிராக 74 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தாரே, கடைசி விக்கெட்டும் அவருக்கே போகட்டும் என்று மறுமுனையில் ஸ்ரீநாத் ஸ்டம்பை விட்டு வெளியே வெளியே வீசினார். ஸ்கோர் அட்டையை மட்டும் பார்ப்பவனுக்கு ஸ்ரீநாத் அன்று விக்கெட் எடுக்காத ஆள், அவ்வளவுதான் தெரியும்.

சரி, பையனிடம் கேட்டேன், பழகிப் பார்க்க ஒரு ஆட்டம் சொல்லு, அதை முழுசாக எழுதிப் பார்க்கிறேன் என்று. இணையத்தில் பழைய ஆட்டங்களைக்கூட ஒவ்வொரு ஆளாக என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் யோசிக்கவே இல்லை. "2010 ஜூன் 2, மாமா. டெட்ராய்ட் டைகர்ஸும் கிளீவ்லேண்ட் இண்டியன்ஸும். அத எழுதுங்க" என்றான். அவன் அங்கே வேலைக்குப் போவதற்கு வெகு நாள் முந்தைய ஆட்டம். ஆனால் அந்த ஊரில் குடியேறும் யாருக்கும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்களாம்.

ஃபைனல் இல்லை, பிளே-ஆஃப் இல்லை. ஒவ்வொரு அணியும் வருடத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிறது, அதில் ஒன்று. ஒரு புதன்கிழமை ராத்திரி, நமக்கு வியாழன் விடியற்காலை. டைகர்ஸுக்கு வீசியவர் அர்மாண்டோ கலராகா, வெனிசுவேலாக்காரர், இரண்டு வாரத்துக்கு முன்புதான் கீழ்மட்ட அணியிலிருந்து திரும்ப மேலே அழைத்திருந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் டைகர்ஸின் ஃபர்ஸ்ட் பேஸ் ஆள் மிகேல் கப்ரேரா ஒரு ஹோம் ரன் அடித்தார். மற்றபடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து கிளீவ்லேண்ட் பக்கத்தை எழுத எழுத, ஒரு சாய்சதுரத்தில்கூட ஒரு கோடு விழவில்லை. 6-3. 4-3. கே. எஃப் 8, அதாவது தூக்கி அடித்ததை 8-ஆம் எண் ஃபீல்டர் பிடித்தது. மூன்று பேர், மூன்று அவுட், அடுத்த பத்தி. மறுபடி மூன்று பேர், மூன்று அவுட். வெள்ளையாகவே போய்க்கொண்டிருக்கிறது தாள். முடிவு தெரிந்தே எழுதுகிறேன், ஆனாலும் ஆறாவது இன்னிங்ஸ் தாண்டும்போது எனக்குக் கை வியர்த்துவிட்டது.

ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27. வந்த 27 பேரையும் ஒருவர்கூட ஃபர்ஸ்ட் பேஸில் கால் வைக்காமல் திருப்பி அனுப்பினால் அதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம். ஹிட் கூடாது, பிட்சர் நான்கு பந்தைத் தப்பாக வீசியதால் அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போகிற வாக் கூடாது, எர்ரரும் கூடாது, அதாவது நாம் மட்டும் ஒழுங்காக வீசினால் போதாது, கூட நிற்கும் எட்டுப் பேரும் அன்று தப்பே செய்யக்கூடாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் 2023 வரை 24 முறைதான் நடந்திருக்கிறது. அந்த ஜூன் 2 அன்று எண்ணிக்கை 20-இல் நின்றது. அதில் இரண்டு அதற்கு முந்தைய மே மாதம் மட்டும் நடந்தவை, 9-ஆம் தேதி டல்லஸ் பிரேடன், 29-ஆம் தேதி ராய் ஹாலடே.

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் ஆள் மார்க் கிரட்ஸிலானெக், தூக்கி அடித்தார். சென்டர் ஃபீல்டில் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடு ஓடு என்று ஓடி தோளுக்கு மேல் விழுந்த பந்தைப் பிடித்தார். யூடியூபில் அதை மட்டும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். தாளில் அதற்கு எஃப் 8 என்றுதான் எழுத முடிகிறது, சும்மா நின்ற இடத்தில் பிடித்ததற்கும் அதேதான். இரண்டாவது ஆள் மைக் ரெட்மண்ட், 6-3. ஆக 26.

இருபத்தேழாவது ஆள் ஜேசன் டொனால்ட். ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவில் தரையோடு அடித்தார். கப்ரேரா வலது பக்கம் போய் எடுத்து, ஃபர்ஸ்ட் பேஸை மூட ஓடி வந்த கலராகாவுக்கு எறிந்தார். கலராகா கையில் பந்து, கால் பேஸில், டொனால்ட் இன்னும் ஒரு எட்டு தள்ளி. 3-1, அவுட். உலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது அவுட். ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து சேஃப், அதாவது அவுட் இல்லை என்றார்.

அந்த நிமிஷத்தில் கலராகா முகத்தைப் பாருங்கள். கத்தவில்லை, பந்தைத் தரையில் அடிக்கவில்லை, அம்பயர் மேல் பாயவில்லை. சிரிக்கிறார். ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். திரும்பி நடந்து போய் அடுத்த ஆளுக்கு வீசினார். டிரெவர் குரோ, தேர்ட் பேஸ் பக்கம் தரையோடு அடித்து 5-3. ஆட்டம் முடிந்தது, 3-0 என்று டைகர்ஸுக்கு வெற்றி. எல்லாம் சேர்த்து 1 மணி 44 நிமிஷம். கலராகா கணக்கில் 88 பந்து, அதில் 67 ஸ்ட்ரைக், 3 ஸ்ட்ரைக் அவுட், வாக் இல்லை, 1 ஹிட்.

அந்த 1-ஐ எழுதத்தான் எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது. விதிப்படி டொனால்ட் கட்டத்தில் ஹிட் என்று போட்டு, ஃபர்ஸ்ட் பேஸ் வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். மொத்தத் தாளில் அந்த ஒரே கோடு. எர்ரர் என்று போட்டால்கூட குறைந்தபட்சம் ஹிட்டே கொடுக்காத ஆட்டம் என்று அவர் பெயருக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும், ஆனால் யார் பெயரில் எர்ரர் போடுவது? 1 முதல் 9 வரை ஃபீல்டருக்கு எண் இருக்கிறது, அம்பயருக்கு எண் இல்லையே. ஃபீல்டரின் தப்பை ஊரறியப் பலகையில் போடும் அளவுக்கு நேர்மையான ஒரு கணக்கு முறை, அதில்கூட அம்பயரின் தப்புக்கு ஒரு கட்டம் கிடையாது. அது வேறு யாரோ ஒருவரின் ஹிட் என்ற பெயரில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஜாய்ஸ் பல வருட அனுபவம் உள்ள, ஆட்டக்காரர்கள் மதிக்கும் அம்பயர். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும் தப்பு தன்னுடையது என்று நிருபர்கள் முன்னால் ஒத்துக்கொண்டார், கலராகாவைக் கட்டிப் பிடித்து அழுதார். மறுநாள் மதியம் அதே இரண்டு அணிகளும் மறுபடி ஆடின, அன்று மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டில் அம்பயராக நிற்க வேண்டியவர் ஜாய்ஸ். ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியல் தாளைக் கொண்டுவந்து அம்பயர் கையில் கொடுப்பது வழக்கம். டைகர்ஸ் அணி அதைக் கலராகா கையில் கொடுத்து அனுப்பியது. ஜாய்ஸ் வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவை மாற்றி பெர்ஃபெக்ட் கேம் என்று அறிவிக்கச் சொல்லிப் பலரும் கேட்டார்கள், லீக்கின் தலைவரான கமிஷனர் பட் செலிக் மாற்றவில்லை. பையனுக்கு அதில் இன்னும் கோபம். எனக்கு அந்த முடிவு சரி என்றுதான் படுகிறது. ஸ்கோரராகச் சொல்கிறேன், டொனால்டை அவுட் என்று திருத்தினால் குரோவை என்ன செய்வது? அந்த மனுஷன் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார், நின்றார், அடித்தார், அவுட்டானார். நடந்ததை நடக்கவில்லை என்று எப்படி எழுதுவது? கலராகா அன்று எடுத்தது 28 அவுட். வேறு யாருக்கும் 27-தான். வீடியோ பார்த்து இந்த மாதிரி தீர்ப்பைத் திருத்தும் முறையை 2014-இல் கொண்டுவந்தார்கள், இனிமேல் இப்படி ஒரு ஆட்டம் நடக்க வழியில்லை, நல்லது.

இத்தனையையும் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. அந்தக் கோட்டை இழுத்துவிட்டு எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து என் பழைய ஸ்கோர் புத்தகங்களை எடுத்தேன். 1997, மே மாதம். 30 ஓவர் ஆட்டம். இரண்டாவதாக ஆடும் அணி, 28-ஆவது ஓவர். அந்தக் கட்டத்தில் பச்சைப் பேனாவில் ஐந்துதான் இருக்கிறது: புள்ளி, 1, 1, 1, புள்ளி. வைடு இல்லை, நோ பால் இல்லை. ஐந்து பந்தில் அம்பயர் ஓவர் என்று சொல்லிவிட்டார். அம்பயர் எத்தனை எண்ணினாரோ அதுதான் ஓவர், சட்டம் அப்படி. ஆறாவது புள்ளிக்காகப் பேனாவைத் தூக்கியவன் அப்படியே நின்றேன், பக்கத்தில் இருந்த இன்னொரு ஸ்கோரரைப் பார்த்தேன், எழுந்து கையை ஆட்டிக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த ஓவரின் முதல் பந்து வீசியாகிவிட்டது. அந்த அணி ஒரு ரன்னில் தோற்றது.

அம்பயர், பணி ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சார். பந்து எண்ணுவதற்கு ஆறு புளியங்கொட்டை வைத்திருப்பார், இடது பையிலிருந்து ஒவ்வொன்றாக வலது கைக்கு மாற்றுவார். அன்று சாயங்காலம் புத்தகத்தில் கையெழுத்துப் போட வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வெயில் களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் இல்லை. நான் அந்த ஓவரைப் பற்றி அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை, தோற்ற அணியிடமும் சொன்னதில்லை. எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டியவன் நான். அது என் வேலை.

தோற்ற அணியின் கேப்டன் இப்போது கீழவாசல் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அன்று ராத்திரியே போன் போட்டேன். கடை சாத்தும் நேரம், ஷட்டர் சத்தம் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன், தம்பி, அந்த ஆட்டத்தில் 28-ஆவது ஓவரில் ஐந்து பந்துதான் போட்டார்கள், நான் பார்த்துவிட்டும் சும்மா இருந்துவிட்டேன் என்று.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத் தெரியும்ண்ணே" என்றார்.

அந்த ஓவரின் கடைசிப் பந்தின்போது அவர்தான் மறுமுனையில், சார் பக்கத்தில் நின்றிருக்கிறார். "சார் பையிலேருந்து ஒரு கொட்டை கீழ விழுந்துச்சுண்ணே, நான் பாத்தேன். ஓவர் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள அஞ்சுலயே ஓவர்னுட்டாரு. அத்தன பேரு முன்னாடி சார் தப்பா எண்ணிட்டாருன்னு எப்படிண்ணே சொல்றது? எனக்குப் பள்ளிக்கூடத்துல ஓடக் கத்துக்குடுத்தவரு. குனிஞ்சு அந்தக் கொட்டைய எடுத்து அவரு கையில குடுத்தேன். வாங்கிப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம ஸ்கொயர் லெக்குக்கு நடந்து போயிட்டாரு."

நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 30-ஆவது ஓவரும் சார் முனையிலிருந்து வீசியதுதான். எண்ணிப் பார்த்தேன், அதில் ஆறு பந்து சரியாக இருக்கிறது.

"அது கெடக்கட்டும்ண்ணே. புக்குல எனக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

"41 நாட் அவுட்."

"43ண்ணே. ஸ்பின்னர் போட்டது, ஃபைன் லெக்ல தட்டிட்டு ரெண்டு ஓடுனேன், பேட்ல நல்லாப் பட்டுச்சு. சார் தொடையத் தட்டி லெக் பை காட்டிட்டாரு. பாருங்க, இருக்கும்."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். 18-ஆவது ஓவர், சிவப்புப் பேனா, நான்காவது பந்து. லெக் பை, 2.